எழுதத் தனிமை போதுமா?

கேள்வி: வேலைக்காக வெளியூரில் அறை எடுத்துத் தனியாக இருக்கிறேன். இரவில் எழுத உட்கார்ந்தால் வெறுமைதான் மிஞ்சுகிறது. தனிமை படைப்புக்கு உதவும் என்கிறார்களே, எனக்கு ஏன் உதவவில்லை?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: தனிமை எழுதுவதற்கு நேரம் தரும், எழுத வேண்டிய விஷயத்தைத் தராது. அது மனிதர்களிடமிருந்துதான் வர வேண்டும். பிராக் நகரில் எழுத்தாளர் காஃப்கா 1908 முதல் 1922 வரை தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றினார். பகலில் காயம்பட்ட தொழிலாளர்களின் கோப்புகள், மாலையில் குடும்பத்தின் இரைச்சல். எழுதியது இரவில். ‘தீர்ப்பு’ கதையை 1912 செப்டம்பரில் ஒரே இரவில் எழுதி முடித்தார். நம் வண்ணதாசனும் வங்கி வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். அவர் கதைகளில் அன்றாட மனிதர்களின் பிரியமும் வருத்தமும்தான் நிறைந்திருக்கின்றன. ‘ஒரு சிறு இசை’ தொகுப்புக்காக 2016-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

உங்கள் வெறுமை திறமைக் குறைவல்ல. பேச ஆளில்லாத ஏக்கம். முதலில் அதைக் கவனியுங்கள். அறைக் கதவைத் திறந்து வெளியே போங்கள். டீக்கடைக்காரரிடமும் பக்கத்து அறைக்காரரிடமும் நாலு வார்த்தை பேசுங்கள். வீட்டுக்குப் போன் செய்யுங்கள். அதன்பின் அன்று கேட்ட ஒரு பேச்சை, பார்த்த ஒரு முகத்தை எழுதுங்கள். ஒரு பத்தி போதும், நாளையும் எழுதுங்கள்.