வீடு தேடி வரும் செவிலியம்: முதியோர் பராமரிப்பில் கேரளத்தின் படிப்பினை

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே கடலோரமாக அமைந்துள்ள ஊர் விழிஞ்ஞம். மீன்பிடித்தலையே நெடுங்காலமாகத் தொழிலாகக் கொண்ட இவ்வூர், 2010-ஆம் ஆண்டில் திருவனந்தபுரம் மாநகராட்சியுடன் இணைந்தது. 2015-இல் இங்குக் கட்டத் தொடங்கிய ஆழ்கடல் துறைமுகம் 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மாபெரும் சரக்குக் கப்பல்கள் வந்தணையும் அத்துறைமுகத்துக்கு அருகிலேயே, கடலில் உழைத்து ஓய்ந்த முதியோரின் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. அவ்வீடுகளில் ஒருவர் பக்கவாதத்தால் படுத்த படுக்கையாகிவிட்டால், அவரை ஆண்டுக்கணக்கில் பேணும் பொறுப்பு யாருடையது? துறைமுகத்தைப் போலவே இதுவும் வளர்ச்சித் திட்டத்தைச் சார்ந்த வினாவே ஆகும்.

மூப்பும் குடும்பமும்

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 8.6 விழுக்காட்டினர். கேரளத்தில் இவ்விகிதம் 12.6 விழுக்காடாகும். ஆயுள் நீண்டதும், பிறப்பு விகிதம் குறைந்ததும், இளைஞர் வெளிநாடுகளுக்குப் பெயர்ந்ததும் இதற்குக் காரணங்கள். உலகெங்கும் மருத்துவமனைகளில் கேரளச் செவிலியர் பணிபுரிகின்றனர்; அவர்களுடைய சொந்த ஊரிலோ முதியோரைப் பேணக் கைகள் குறைந்து வருகின்றன.

கடற்கரைக் குடும்பங்களின் நிலை இதனினும் கடினமானது. ஆண்களின் கடலுழைப்பும், பெண்களின் மீன் விற்பனையும் சேர்ந்தே அங்குக் குடும்பத்தைத் தாங்குகின்றன. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் திருவனந்தபுரம் கடற்கரையைச் சேர்ந்த மீனவர் பலர் உயிரிழந்தனர். மகனின் வருவாயையே முதுமைக் காப்பாக நம்பும் ஏற்பாடு எத்துணை நிலையற்றது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

அன்பும் பயிற்சியும்

படுக்கையிலிருக்கும் முதியவரைப் பேண அன்பு மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும். தாமாகப் புரள இயலாதவரை ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் இடுப்பிலும் குதிகாலிலும் தோல் நைந்து படுக்கைப்புண் உண்டாகும். அது ஆழ்ந்தால் எலும்பு வரை செல்லக்கூடும். மூக்கு வழியாகச் செருகிய குழாயில் உணவு செலுத்தும்போது தலைப்பக்கம் உயர்ந்திருத்தல் வேண்டும். இல்லையேல் உணவு நுரையீரலுள் சென்று காய்ச்சலை விளைவிக்கும். சிறுநீர்க் குழாயைத் தூய்மையாகப் பேணாவிடில் நோய்த்தொற்று நேரும். செயலிழந்த கை கால்களின் மூட்டுகள் இறுகாதிருக்க நாள்தோறும் அவற்றை அசைத்துவிட வேண்டும்.

இவற்றில் எதுவும் மருத்துவமனையில் தங்கியிருந்தே ஆக வேண்டிய சிகிச்சை அன்று. ஆயினும் ஒன்று தவறினாலும் முதியவர் மருத்துவமனைக்கே திரும்ப நேரிடும்.

சட்டமும் இடைவெளியும்

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை பெற வழிவகுத்தது. ஆதரவற்ற முதியோர் குறைந்தது 150 பேர் தங்கக்கூடிய இல்லங்களை மாவட்டந்தோறும் படிப்படியாக அமைப்பது பற்றியும் அது கூறுகிறது. 2024 அக்டோபரில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன அனைவருக்கும் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ஒன்று வழக்கு மன்றத்தின் வழி. மற்றொன்று மருத்துவமனையின் வழி. பிள்ளைகள் புறக்கணிக்காத, மருத்துவமனையிலும் இல்லாத, வீட்டிலேயே படுத்திருக்கும் முதியவர் இவ்விரண்டுக்கும் இடையே விடுபட்டுப் போகிறார்.

கேரளம் கண்ட வழி

இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சி 1993-இல் கோழிக்கோட்டில் தோன்றியது. மருத்துவர்கள் எம்.ஆர். இராஜகோபால், சுரேஷ்குமார் முதலியோர் அங்கு வலி தணிப்புப் பராமரிப்புச் சங்கத்தை நிறுவினர். நோயாளி மருத்துவமனையை நாடி வருவதற்கு மாறாக, செவிலியரும் தன்னார்வத் தொண்டரும் நோயாளியின் வீட்டை நாடிச் செல்லும் முறை அதிலிருந்து வளர்ந்தது. புற்றுநோயாளிகளுக்கெனத் தொடங்கிய பணி, நாளடைவில் பக்கவாதமுற்றோரையும் மூப்பால் தளர்ந்தோரையும் தழுவிக்கொண்டது. 2003-இல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு பாலியம் இந்தியா என்னும் அமைப்பு உருவாயிற்று.

2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக்கொள்கையை அறிவித்தது. அதன்படி உள்ளாட்சி மன்றங்கள் தம் திட்ட நிதியிலிருந்து பொருள் ஒதுக்கி, ஆரம்பச் சுகாதார நிலையங்களின் வாயிலாக, பயிற்சி பெற்ற சமூகச் செவிலியரை வீடுகளுக்கு அனுப்புகின்றன. கடினமான நோயாளிகளுக்கு வட்ட, மாவட்ட மருத்துவமனைகள் துணைநிற்கின்றன. இம்முறையின் வலிமை பெருங்கட்டடங்களில் இல்லை. எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்பதை அறிந்த உள்ளூர் மக்களிடமும், அவர்கள் அளிக்கும் பட்டியலுக்குப் பொறுப்பேற்கும் உள்ளாட்சி மன்றத்திடமும் உள்ளது.

எஞ்சிய மணிகள்

ஆயினும் ஒரு கணக்கை நோக்குதல் வேண்டும். இரண்டு மணிக்கு ஒரு முறை எனில், முதியவரை மாதத்தில் 360 முறை திருப்ப வேண்டும். செவிலியர் மாதம் இரு முறை வருவாராயின் எஞ்சிய 358 முறையும் வீட்டாரின் கைகளே செய்கின்றன. அக்கைகள் பெரும்பாலும் மனைவியுடையவை, மகளுடையவை அல்லது மருமகளுடையவை. மீன் கூடையுடன் சந்தைக்குச் சென்ற பெண் வீட்டிலேயே தங்கிவிடின், முதியவரின் நோயோடு குடும்பத்தின் வருவாய் இழப்பும் சேர்ந்துகொள்கிறது. இதனை உணர்ந்தே கேரள அரசு, முழுநேரம் நோயாளியைப் பேணுவோருக்கு மாதம் ரூ.600 வழங்கும் ஆஸ்வாசகிரணம் திட்டத்தை வகுத்தது. தொகை சிறிதெனினும் அதன் தத்துவம் பெரிது: வீட்டுப் பராமரிப்பும் உழைப்பே என்பதை அது ஏற்கிறது.

ஜெர்மனி 1995-லும் ஜப்பான் 2000-லும் நெடுநாள் பராமரிப்புக்கெனத் தனிக் காப்பீட்டை நடைமுறைப்படுத்தின. ஜப்பானில் 40 வயது முதல் மக்கள் அதற்குச் சந்தா செலுத்துகின்றனர். முறைசாராத் தொழிலாளர் மிகுந்த நம் நாட்டில் அம்முறையை அவ்வாறே பின்பற்றுதல் எளிதன்று. ஆனால் உடனே செய்யக்கூடியன சில உள்ளன. மருத்துவமனையிலிருந்து முதியவரை அனுப்பும் முன்பு, அவரைப் பேணப் போகிறவருக்குச் செய்முறைப் பயிற்சி அளிக்கலாம். பேணுவோர் ஓய்வு பெறவும் தொழிலுக்குச் செல்லவும் உதவியாகப் பகல்நேரப் பராமரிப்பு மையங்களையும் மாற்றுப் பணியாளரையும் ஏற்படுத்தலாம். உதவித்தொகையை உயர்த்தித் தவறாது வழங்கலாம்.

இவற்றுள் எதற்கும் துறைமுகத்துக்கு இணையான முதலீடு தேவையில்லை. செவிலியர் வந்து போன பின்னர், அடுத்த வருகை வரை அவ்வீட்டில் என்ன நிகழ்கிறது என்பதைத் திட்டமிடுவோர் கருத்திற்கொள்ளுதலே முதல் தேவையாகும்.