ஜீவனாம்சத்துக்கு வரி உண்டா?

“ஜீவனாம்சப் பணத்துக்கு வரியே கிடையாது.” குடும்ப நீதிமன்ற வளாகத்தில் அடிக்கடி காதில் விழும் இந்தப் பேச்சு பாதிதான் உண்மை. ஒரே தொகையாக வாங்கினால் வரி இல்லை. மாதாமாதம் வாங்கினால் அது வருமானம். வருமான வரிச் சட்டம் இதைப் பற்றித் தனியாக எதுவும் சொல்லவில்லை. பிரதாப்கர் மகேஸ்வரி தேவி வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்புதான் வழிகாட்டி. மொத்தமாகக் கிடைத்த 25,000 ரூபாயை மூலதன வரவு என்றும், மாதத் தொகையை வருமானம் என்றும் அது பிரித்தது.

ஆண்டுக்கு 9 லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கும் பெண், 2025-26 நிதியாண்டின் புதிய முறையில் வரியே கட்ட வேண்டாம். அதே ஆண்டு முழுவதும் மாதம் 40,000 ரூபாய் ஜீவனாம்சமும் வந்தால்? நிலையான கழிவு 75,000 போக வருமானம் 13.05 லட்சம்; செஸ் சேர்த்து வரி 78,780 ரூபாய். ஏறக்குறைய இரண்டு மாத ஜீவனாம்சம்! அதைத் தருபவர் டிடிஎஸ் பிடிப்பதில்லை என்பதால், முன்கூட்டிய வரியை இவரே தவணைகளில் கட்ட வேண்டும். மனுவில் கையெழுத்திடும் முன் இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்டுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

“கொடுப்பவர் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம்” என்பதும் தவறு. அவர் வரி கட்டிய பணத்திலிருந்துதான் தருகிறார். ஒரே பணத்துக்கு இருவரும் வரி கட்டுவது நியாயமில்லை. சட்டம் திருந்த வேண்டிய இடம் இது.

“முன்னாள் கணவர் எப்போது வீடு எழுதித் தந்தாலும் வரி வராது.” இதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். கணவன் மனைவிக்குள் அன்பளிப்புக்கு வரி இல்லை. விவாகரத்து ஆனதும் அந்த உறவு சட்டத்தின் கண்ணில் முடிந்துவிடுகிறது. பிறகு தனியாக அன்பளிப்பாக எழுதினால், முத்திரைத்தாள் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டும் வீடு பெறுபவரின் வருமானமாகிவிடும். சமரச நிபந்தனைகளிலேயே வீட்டைக் குறிப்பிட்டு, தீர்ப்புக்கு முன்பே பத்திரம் பதிவதே பாதுகாப்பு.

மைனர் பிள்ளையின் பெயரிலுள்ள வைப்புத்தொகை வட்டி அப்பா கணக்கில்தான் சேரும் என்பார்கள். விவாகரத்துக்குப் பின், பிள்ளையைப் பராமரிப்பவர் கணக்கில் சேரும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, மொத்தமாக வாங்குவதே எல்லோருக்கும் லாபம் என்று முடிவுகட்ட வேண்டாம். மொத்தத் தொகையை வங்கியில் போட்டால் வட்டிக்கு வரி உண்டு. மாத ஜீவனாம்சத்தைத் தவிர வேறு வருமானமே இல்லாதவருக்கு, ஆண்டுக்கு 12 லட்சம் வரை புதிய முறையில் வரி இல்லை. 4 லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்ன் மட்டும் தாக்கல் செய்ய வேண்டும்.