பின்னற் கலையும் பொழுதுபோக்கும்

நூல் என்னும் ஒரு சொல் இழைக்கும் ஏட்டிற்கும் ஒருங்கே பெயராய் நிற்றல் தமிழ் பயில்வார் யாவரும் அறிந்ததே. பவணந்தி முனிவர் தம் நன்னூற் பாயிரத்தில், சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூல் நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயை அவள் கையாகவும், அறிவைக் கதிராகவும் உவமித்துக் காட்டுவர். கைவேலையோடு கல்வியை ஒப்பிட்டுப் பேச நம் முன்னோர் நாணினாரல்லர். ஆயினும், இன்று கல்லூரியில் நூல் கற்கும் நம்மிற் பலர், நூல் பின்னுதலை வேலையற்றோர் செய்யும் வீண்செயல் என்று எண்ணி ஒதுக்குகின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாது என்பது எம் கருத்து. துனீசியக் குரோஷா என்னும் பின்னல் வகையைக் கற்கும் முறையையும், அதனால் எய்தும் இன்பத்தையும் முதலிற் கூறி, பொழுதுபோக்கு என்னும் சொல்லைப் பற்றி நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய ஒன்றையும் இறுதியிற் கூறுவாம்.

பெயரும் இயல்பும்

குரோஷே என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறு கொக்கி என்பது பொருள். அதனையே நம் வீடுகளில் குரோஷா என்று வழங்குகின்றோம். சாதாரணக் குரோஷாவில் ஊசியின்மேல் ஒரு கண்ணியே நிலைத்து நிற்கும்; ஒரு பின்னல் முடிந்த பின்னரே அடுத்தது தொடங்கும். இரண்டு ஊசிகளாற் பின்னும் கம்பளிப் பின்னலிலோ, வரிசை முழுவதன் கண்ணிகளும் ஊசியின்மேலேயே தங்கும். துனீசியக் குரோஷா இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. கொக்கியுடைய ஒரே ஊசியால், வரிசை முழுவதற்கும் உரிய கண்ணிகளை முதலில் எடுத்துச் சேர்த்துக்கொண்டு, பின்னர் அவற்றை ஒவ்வொன்றாகக் கழித்து வருதல் இதன் தனி இயல்பு.

பெயரைக் கொண்டு இது துனீசியா நாட்டிற் பிறந்தது எனத் துணிதற்குச் சான்று இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் ஐரோப்பியப் பின்னற் சுவடிகளில் இது காணப்படுகின்றது. தெரேசு தெ தில்மோன் என்னும் அம்மையார் 1886ஆம் ஆண்டில் வெளியிட்ட கைவேலைக் களஞ்சியத்திலும் இதற்கு இடம் உண்டு. ஆப்கன் பின்னல் என்பது இதற்கு வழங்கும் மற்றொரு பெயர்.

மலைச்சாரலில் இக்கலை

எம் ஊராகிய போடிநாயக்கனூர் ஏலமலையின் அடிவாரத்தில் உள்ளது. ஊரிற் பகற்பொழுது வெயில் காய்ந்தாலும், போடிமெட்டுச் சாலையின் வளைவுகளை ஏறிக் கடந்தால் மூடுபனியும் குளிர்காற்றும் எதிர்கொள்ளும். விடியுமுன் ஜீப்புகளில் ஏறித் தோட்டங்களுக்குச் செல்லும் பெண்கள் தலையிற் கட்டிய துண்டோடும், உடலைப் போர்த்த சால்வையோடும் செல்வதைக் காண்கின்றோம். ஏலக்காய், செடியின் அடியில் தரையை ஒட்டிப் படரும் தண்டுகளிற் காய்ப்பது. ஆதலின், குனிந்தும் குந்தியும் முதிர்ந்த காயை மட்டும் தேர்ந்து பறித்தல் வேண்டும். பறித்த காய் உலர்ந்து போடிக்கு வந்தபின், கிட்டங்கிகளில் அமர்ந்து தரம் பிரிப்போரும் பெரும்பாலும் பெண்களே. பருமன், நிறம், வெடிப்பு ஆகியவற்றைக் கண்ணும் விரலும் ஒருங்கே கண்டறிதல் அவ்வேலைக்கு வேண்டும்.

எமக்கு இப்பின்னலைக் கற்பித்த பெரியம்மையார் அத்தகைய கிட்டங்கி ஒன்றில் பல்லாண்டு காய் பொறுக்கியவர். மாலையில் அடுப்புவேலை முடிந்தபின் ஒரு மணி நேரம் திண்ணையில் அமர்ந்து பின்னுவார். “நாள் முழுதும் இந்த விரல்கள் பிறருக்காக ஓடுகின்றன, இந்த ஒரு மணி நேரம் எனக்காக ஓடட்டும்” என்பது அவர் கூற்று.

வேண்டும் பொருள்கள்

முதலாவது, நீண்ட கொக்கி ஊசி. கண்ணிகள் யாவும் அதன்மேல் தங்கவேண்டுதலின் சாதாரணக் குரோஷா ஊசி போதாது. ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நீளமும், கண்ணி கழன்று விழாதபடி மறுமுனையில் ஒரு குமிழும் உடையது நன்று. அகன்ற போர்வைக்கு, பின்புறம் வளையும் கம்பி இணைத்த ஊசியைக் கொள்ளலாம். இரண்டாவது, நூல். மலைக்குளிருக்கு உல்லன் நூலும், ஊரில் வழங்கும் பைக்கும் மேசைவிரிப்புக்கும் பருத்தி நூலும் ஏற்றவை. பழகுவோர் வெளிர்நிற நூலைக் கொள்க; கருநிற நூலில் இழைகளைப் பிரித்தறிதல் அரிது. ஊசி, அதே நூலுக்குச் சாதாரணக் குரோஷாவிற் கொள்ளும் ஊசியினும் ஓரிரண்டு அளவு பருத்ததாக இருத்தல் வேண்டும். அதன் காரணம் பின்னர் விளங்கும்.

பின்னும் முறை

முதற்கண் 20 சங்கிலிப் பின்னல் போடுக. இதன்மேல் எழும் ஒவ்வொரு வரிசைக்கும் இரு பகுதிகள் உண்டு. அவற்றைப் போக்கு எனவும் வரவு எனவும் குறிப்போம்.

போக்கு: ஊசியின்மேல் உள்ள கண்ணியை முதற்கண்ணியாகக் கொள்க. ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் கொக்கியை நுழைத்து, நூலைப் பற்றி இழுத்து, வந்த கண்ணியை ஊசியின்மேலேயே விடுக. இவ்வாறே ஒவ்வொரு சங்கிலியிலும் ஒரு கண்ணி எடுத்து இடப்பக்கம் சென்றால், முடிவில் ஊசியின்மேல் 20 கண்ணிகள் இருக்கும்.

வரவு: துணியைத் திருப்பாமலே, நூலைக் கொக்கியிற் சுற்றி முதலில் ஒரு கண்ணி வழியாக மட்டும் இழுக்க. பின்னர் மீண்டும் சுற்றி, இரண்டு கண்ணிகள் வழியாக இழுக்க. ஊசியின்மேல் ஒரு கண்ணியே எஞ்சும் வரை இங்ஙனம் இரண்டிரண்டாகக் கழித்து வலப்பக்கம் வருக.

இப்பொழுது துணியின் முகத்தில் நிமிர்ந்து நிற்கும் இழைகள் வேலிக்கால்கள் போல வரிசையாய்த் தோன்றும். அடுத்த போக்கில், முதல் இழையை விட்டு, இரண்டாம் இழையின் பின்னே கொக்கியை வலமிருந்து இடமாக நுழைத்துக் கண்ணி எடுக்க. ஏனைய இழைகளிலும் அவ்வாறே செய்க. கடைசி இழையில் மட்டும், அதன் ஓரத்தில் இணைந்து நிற்கும் இரண்டு இழைகளையும் சேர்த்து எடுக்க; எடுத்தால் ஓரம் நேராக நிற்கும். வரவு முன்னர்க் கூறியபடியே. வேண்டிய நீளம் வந்தபின், ஒவ்வொரு நிமிர்ந்த இழையிலும் நூலை இழுத்து, அதனை ஊசியின்மேல் உள்ள கண்ணி வழியாகவும் உடனே இழுத்துவிட்டால் மேல்விளிம்பு மூடப்படும்.

இஃது எளிய பின்னல். இழையின் பின்னே கொக்கியை நுழைப்பதற்கு மாறாக, முன்னிழைக்கும் பின்னிழைக்கும் நடுவே துணியின் மறுபுறம் வரை நுழைத்து எடுத்தால், இரண்டூசிப் பின்னல் போன்ற தோற்றமும் மிகுந்த தடிப்பும் உண்டாம். நூலை முன்னே கொண்டுவந்து எடுத்தால் முகத்திற் சிறு முடிச்சுகள் போன்ற மேடுகள் தோன்றும். இம்மூன்றையும் மாற்றி மாற்றி அமைத்தே பல கோலங்களைப் படைக்கலாம்.

குறையும் தீர்வும்

தொடக்கத்தார் பலரும் காணும் குறை, துணி சுருளுதல். இப்பின்னலின் முகப்பினும் முதுகிலே நூல் மிகுதியாய்த் திரள்வதே அதற்குக் காரணம். பருத்த ஊசியும் தளர்ந்த கையும் அதனைப் பெரிதும் தடுக்கும். முடித்தபின் துணியை நனைத்து, பலகைமேல் விரித்து, குண்டூசியால் ஓரங்களை நிறுத்தி உலர்த்தினால் எஞ்சிய சுருளும் நீங்கும். மற்றொரு குறை, வரிசைக்கு வரிசை அகலம் குறைதல். கடைசி இழையைத் தவறவிடுதலே அதற்குக் காரணம். ஒவ்வொரு போக்கின் முடிவிலும் கண்ணிகளை எண்ணிப் பார்ப்பார்க்கு அக்குறை நேராது. 20க்கு 19 இருப்பின், அவ்வரிசையிலேயே பிரித்துத் திருத்திக்கொள்ளலாம்.

இதில் எய்தும் இன்பம் யாது எனின், ஒருவாறு சொல்லலாம். கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும், கண் எண்ணிக்கையைக் காக்கும், மனம் அமைதியுறும். துணியைத் திருப்பாமையால் அதன் முகம் எப்பொழுதும் நம்மை நோக்கியே நிற்கும். அன்றன்று வளர்ந்ததை அன்றன்றே கண்டு மகிழலாம். தேர்வுக் காலத்தில் இலக்கண நூற்பாக்களை மனத்தில் ஓட்டிக்கொண்டே பின்னுதல் எமக்குப் பெருந்துணையாயிற்று.

பொழுதுபோக்கும் கூலியும்

இனி, இறுதியிற் கூறுவதாகச் சொன்ன செய்திக்கு வருவாம். நம் நாட்டில் நூல்வேலை எக்காலத்தும் பொழுதுபோக்காகவே இருந்ததன்று. கணவரை இழந்த பெண்டிர் நுண்ணிய நூல் நூற்றலை நற்றிணை குறிக்கின்றது. அஃது அவர்தம் பிழைப்பு. 1819ஆம் ஆண்டில் நாகர்கோவிலுக்கு வந்த இலண்டன் மிஷன் குரு சார்லசு மால்ட் என்பாரின் மனைவியார் மார்த்தா மால்ட், ஆங்குத் தம் பள்ளிச் சிறுமியர்க்கு லேசுப் பின்னல் கற்பித்தார். அது குரோஷா அன்று. சிறு கட்டைகளிற் சுற்றிய பல இழைகளைத் திண்டின்மேல் வைத்துப் பின்னுவது. அடிமைக் குடும்பங்களைச் சேர்ந்த சிறுமியருட் சிலர், லேசு விற்ற காசைக் கொண்டு தம் விடுதலையை விலைக்குப் பெற்றனர் என மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழித்த ஆணை பிறந்தது 1855இலேதான் என்பதை நினைத்தால், அந்நூலின் வலிமை விளங்கும். மால்ட் தம்பதியரின் மகளாகிய எலிசா அம்மையாரே, 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் ஐயரின் மனைவியார். அவர் இடையன்குடியில் அக்கலையைப் பரப்பினார்.

ஆயின் மறுபக்கமும் உண்டு. கோதாவரிப் பகுதியில் மிஷனெரிமார் வழியாகப் பரவிய குரோஷா லேசு நரசாபுரத்தில் பெருந்தொழிலாயிற்று. 2024இல் புவிசார் குறியீடும் பெற்றது. அப்பெண்களின் நிலையை ஆராய்ந்த மரியா மீசு என்னும் செர்மானிய அறிஞர், 1982இல் தாம் வெளியிட்ட நூலில் ஒன்றை வெளிப்படுத்தினார். நாள்தோறும் பல மணி நேரம் பின்னி, கடல் கடந்து விற்கும் பொருளைப் படைத்த அப்பெண்கள், உழைப்பாளிகள் என்று எண்ணப்பட்டிலர். வீட்டிலிருந்து ஓய்வுநேரத்தைக் கழிப்பவர் என்றே எண்ணப்பட்டனர். அவர்க்குக் கூலி குறைந்ததற்கு அவ்வெண்ணமும் ஒரு காரணம்.

இது தொலைவில் நடந்த செய்தி அன்று. எம் பெரியம்மையாரின் கழுத்துத்துண்டைக் கண்ட வணிகர் ஒருவர், அதுபோல 20 துண்டுகள் கேட்டார். அவர் சொன்ன விலை, ஒரு துண்டுக்குக் கிட்டங்கியின் ஒரு நாட்கூலியினும் குறைவு. “பொழுதுபோக்காகச் செய்வதுதானே, அம்மா?” என்றார். அத்துண்டு 30 கண்ணி அகலமும் 180 வரிசை நீளமும் உடையது. ஒரு வரிசைக்கு 3 நிமிடம் எனக் கொள்ளின் 540 நிமிடம். அஃதாவது 9 மணி நேரம். நூலின் விலை வேறு. பெரியம்மையார் மறுத்துவிட்டார். அத்துண்டை, மலைத்தோட்டத்திற்குப் புதிதாகச் செல்லத் தொடங்கிய அண்டைவீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். விலையின்றிக் கொடுக்க இசைந்தவர் குறைவிலைக்கு விற்க இசையாதது ஏன் என்று அன்று சிலர் வியந்தனர். கொடுத்தபொழுது அந்த நேரம் அவருடையதாகவே இருந்தது, விற்றிருந்தால் பிறருடையதாகியிருக்கும். இதுவே யாம் கண்ட விடை.

ஆதலின், அன்பர்காள்! பொழுது நம்முடையதாக இருக்கும்போதே அது பொழுதுபோக்கு. பிறர்க்கு விற்றபின் அஃது உழைப்பு. உழைப்பிற்கு உரிய கூலி வேண்டும். உண்மையான குரோஷாவைப் பேரளவிற் பின்னும் எந்திரம் இன்றும் தொழிற்சாலைகளில் வழக்கிற்கு வந்திலது. ஆகவே, கடையில் தொங்கும் குரோஷாப் பொருளைப் பின்னியது ஒருவர் கையே ஆதல் வேண்டும். அதன் அருமையை அறிய வேண்டின், நீவிரே 20 கண்ணி போட்டு, 10 வரிசை பின்னிப் பார்மின். பின்னியவர் அடுத்த முறை விலை பேசும்பொழுது, முதலில் வரிசைகளை எண்ணுவர்.