நீட் போனால் அக்ரி என்று முடிவெடுக்கும் முன்

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்திலிருந்தே என் வீட்டுக்குப் பெற்றோர் வரத் தொடங்கிவிடுவார்கள். அரசுக் கலைக் கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால், செடி, பயிர் சம்பந்தப்பட்ட எந்தப் படிப்பானாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறார்கள். அண்மைக் காலமாகப் பலரும் முடிவெடுத்துவிட்டே வருகிறார்கள்: நீட்டில் மதிப்பெண் குறைந்துவிட்டது, ஆகவே பி.எஸ்சி. அக்ரி, அதுவும் தனியார் கல்லூரியில், மேனேஜ்மென்ட் இடத்தில். பையன் பக்கத்தில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருப்பான். உனக்கு என்ன பிடிக்கும் என்று அவனை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தவர்களுக்கு நான் சொல்ல அதிகம் இல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோவை, மதுரை, கிள்ளிகுளம் கல்லூரிகள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். பெரியகுளம் தோட்டக்கலையும் மேட்டுப்பாளையம் வனவியலும் அப்படியே. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வேளாண் படிப்புகளுக்கும் உண்டு. அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. உடனே வேலைக்குப் போக வேண்டிய வீட்டுப் பிள்ளைக்கு இரண்டாண்டு வேளாண் பட்டயப் படிப்பும் நல்லதுதான். உதவி வேளாண்மை அலுவலர் பணிக்குக் கேட்கும் தகுதி அதுவே.

என் கவலை எல்லாம் காசு கொடுத்து வாங்கும் அக்ரி இடத்தைப் பற்றியது. கையில் கிடைப்பது அதே பட்டம், விலை மட்டும் பல மடங்கு. ஆண்டுக்கு 2 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டுக்கு 8 லட்சம். அதைக் கடனாக வாங்கி 10 சதவீத வட்டியில் ஏழு ஆண்டில் அடைப்பதானால் மாதத் தவணை 13,000 ரூபாயைத் தாண்டும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. வேளாண்மை அலுவலர் பணியிடங்கள் எப்போதாவதுதான் அறிவிக்கப்படுகின்றன. வங்கியின் வேளாண் அலுவலர் தேர்வுக்கோ நாடு முழுவதும் போட்டி. மிச்சமுள்ளவர்களில் பலர் போய்ச் சேர்வது விதை, பூச்சிமருந்து கம்பெனிகளின் விற்பனைப் பிரிவில். பைக்கில் டீலர் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும், மாதக் கடைசியில் டார்கெட் முடிக்க வேண்டும். அது கண்ணியமான உழைப்பு; பேச்சுத் திறமை உள்ளவன் அதில் நன்றாக மேலே வருவான். ஆனால் அந்த வேலைக்காகவா காணியை விற்பது? எங்கள் தெருவில் அப்படிப் படித்த ஒரு தம்பிக்குச் சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போய்விடுகிறது. தங்கையின் படிப்பும் அதனால் தள்ளிப்போயிற்று.

வெளிமாநிலக் கல்லூரிக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்டுகளிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அந்தக் கல்லூரிக்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.ஏ.ஆர்.) அங்கீகாரம் உண்டா என்று முதலில் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். மேற்படிப்புக்கு முயலும்போதுதான் அது இல்லாத குறை தெரியவரும். அப்போது பணத்தைத் திருப்பித் தருவார் யாரும் இல்லை.

அதே பையனை அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியலில் சேர்த்துவிடுங்கள் என்றால் பெற்றோர் முகம் சுருங்குகிறது. செலவு சில ஆயிரங்களில் முடியும். அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் வரும். இந்திய வனப் பணித் தேர்வுக்குத் தகுதியான பாடங்களின் பட்டியலில் தாவரவியல் பெயர் சொல்லி இருக்கிறது; எல்லாரும் ஓடிச் சேரும் பயோடெக்கின் பெயர் அதில் இல்லை. எம்.எஸ்சி.யோடு பி.எட். முடித்தால் முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்று முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. பூச்சிமருந்துக் கடை உரிமத்துக்கும் தாவரவியல் படித்த அறிவியல் பட்டம் செல்லும் என்பது பலருக்குத் தெரியாது.

என் பாடம் என்பதால் ஒரு பக்கமாகச் சாய்கிறேன்தான். ஆனாலும் செடியைப் பார்த்து இனம் சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். மூலிகைச் சந்தையில் அசோகப் பட்டை என்று நெட்டிலிங்கப் பட்டையை விற்பது பழைய மோசடி. அதைக் கண்டுபிடிக்கும் வேலையில்தான் என் மாணவி ஒருத்தி மருந்துக் கம்பெனியில் இருக்கிறாள். முதல் சில ஆண்டுகள் சம்பளம் சொற்பம். இன்று அவள் பார்த்து ஒப்புதல் தராமல் அங்கே சரக்கு உள்ளே வராது. கடன் இல்லாததால்தான் அவளால் அத்தனை ஆண்டு பொறுத்திருக்க முடிந்தது.

தாவரம் சார்ந்த எந்தப் படிப்பும் சட்டென்று காசாகாது. வெயிலும் சேறும் உண்டு. ஒரு சோதனையின் பலனைப் பார்க்க ஒரு பருவம் முழுதும் காத்திருக்க வேண்டும். அதில் விருப்பம் உள்ள பிள்ளை எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் தேறும். விருப்பம் இல்லாத பிள்ளைக்கு எத்தனை லட்சம் கொட்டினாலும் அந்தப் பொறுமை வராது.

கலந்தாய்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. பிள்ளையை ஒரு வாரம் பக்கத்து நாற்றுப் பண்ணைக்கு அனுப்பிவையுங்கள். திரும்பி வந்ததும், பிடித்திருந்ததா என்று கேளுங்கள். பதிலை முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.