எலும்பு சொல்லும் வயது

விளையாட்டில் வயதுக்கு என்ன வேலை என்று கேட்பார் உளர். ஓடத் தெரிந்தவன் ஓடட்டும், ஆடத் தெரிந்தவன் ஆடட்டும் என்பது அவர்கள் வாதம். ஆனால் பன்னிரண்டு வயதுச் சிறுவனையும் பதினைந்து வயதுப் பையனையும் ஒரே களத்தில் நிறுத்தி, வென்றவனே திறமையாளன் என்று தீர்ப்பளிப்பது நேர்மையாகுமா? ஆகாது. அதனால்தான் வயது வரம்புகள் தோன்றின. வரம்பு தோன்றியதும் அதைத் தாண்டும் வழிகள் தோன்றின. வழிகள் தோன்றியதும் ஐயமும் புகாரும் வழக்கும் தொடர்ந்தன. அப்படியானால் ஒருவருடைய வயதை உள்ளபடி அறிவது எப்படி? எந்த அளவையும் அதன் பிழை வரம்போடு சேர்த்து எழுதப் பழகிய இயற்பியல் மாணவன் என்ற முறையில் இக்கேள்வியை ஆராய விரும்புகிறேன்.

நம் நகரில் எழுந்த வழக்கு

நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நாம் வாழும் பெங்களூரிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பூப்பந்து வீரர் இலக்ஷ்யா சென் 2001 ஆம் ஆண்டு உத்தராகண்டில் உள்ள அல்மோராவில் பிறந்தவர். பெங்களூரில் பிரகாஷ் படுகோன் பயிற்சிக் கழகத்தில் வளர்ந்தவர். 2022 இல் ஆல் இங்கிலாந்துப் போட்டியில் இரண்டாம் இடமும், அதே ஆண்டு பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டில் தங்கமும் பெற்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தார்.

இவரும் இவருடைய அண்ணன் சிராக் சென்னும் குறைந்த வயதுப் பிரிவுகளில் ஆடுவதற்காகப் பிறப்புச் சான்றிதழில் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளைக் குறைத்துக்கொண்டனர் என்று ஒரு புகார் எழுந்தது. 2022 டிசம்பரில் பெங்களூர் ஹை கிரவுண்ட்ஸ் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாயிற்று. சகோதரர் இருவரோடு பெற்றோரும் பயிற்சியாளர் விமல் குமாரும் அதில் சேர்க்கப்பட்டனர். வழக்கை நீக்கக் கோரிய மனுவைக் கர்நாடக உயர்நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் ஏற்கவில்லை. ஆனால் 2025 ஜூலை 28 அன்று உச்சநீதிமன்றம் அவ்வழக்கை அடியோடு நீக்கியது. அதைத் தொடர்வது சட்ட நடைமுறையைத் தவறாகப் பயன்படுத்துவதே ஆகும் என்பது அதன் முடிவு.

புகாருக்கு முக்கிய ஆதாரமாகக் காட்டப்பட்டது தந்தையின் 1996 ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதிப் படிவம் ஒன்றே. அதற்கு எதிரே பிறப்புச் சான்றிதழ்கள் இருந்தன. அரசு மருத்துவமனைகளில் நடந்த எலும்பு, பல் பரிசோதனைகளும் அவற்றுக்கு மாறாக எதுவும் சொல்லவில்லை. இருந்தும் வழக்கு முடிய இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆயிற்று. தலைக்கு மேல் இவ்வழக்குத் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் அவர் பாரிஸ் சென்று ஆடினார் என்பதை நாம் மறக்கலாகாது.

ஒரு பொய்க்கு இரு திசை

பூப்பந்திலும் கிரிக்கெட்டிலும் கால்பந்திலும் வயதைக் குறைத்துச் சொல்வதில் இலாபம். உயரமும் தசை வலிமையும் உடையவன் சிறுவர்களுக்கு நடுவே எளிதில் மேலெழுவான். பெங்களூர் வீரரான ராகுல் திராவிட் 2015 டிசம்பரில் பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் இதைப் பற்றிக் கடுமையாகப் பேசினார். வயதை மறைத்தவன் முன்னேறுவது திறமையால் அன்று, உடல் பெரிதாயிருப்பதால். அவனால் ஒரு நேர்மையான சிறுவன் தன் இடத்தை இழக்கிறான். ஏமாற்றலாம் என்ற பாடத்தைப் பெரியவர்களே பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பது அவர் கருத்தின் சாரம்.

பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் விளையாட்டில் நிலைமை நேர்மாறு. அங்கே வயதைக் கூட்டிச் சொல்வதில்தான் இலாபம்! காரணம் இயற்பியலில் இருக்கிறது. ஒரு சிறுமியின் உயரம் நூற்றுக்குப் பத்து வளர்கிறது என்றும், உடலின் எல்லாப் பகுதிகளும் அதே விகிதத்தில் வளர்கின்றன என்றும் கொள்வோம். அவள் எடை 1.33 மடங்காகும். சுழலுவதற்கு உடல் காட்டும் தடையாகிய நிலைமத் திருப்புத்திறன் 1.61 மடங்காகும். தசையின் வலிமையோ அதன் குறுக்குவெட்டைப் பொறுத்தது, ஆகவே 1.21 மடங்கே கூடும். சிறிய உடல் வானில் எளிதாகச் சுழல்வதில் வியப்பென்ன?

1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் முதன்முதலாக முழுமையான பத்து மதிப்பெண் பெற்ற ருமேனியாவின் நாடியா கொமனேச்சிக்கு அப்போது வயது 14. அன்றைய விதிக்கு அது உட்பட்டதே. சிறுமியரின் வளரும் எலும்புகளைக் கடும் பயிற்சியிலிருந்து காக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்ததால் வரம்பு 1981 இல் 15 ஆகவும், 1997 இல் 16 ஆகவும் உயர்ந்தது. போட்டி நடக்கும் ஆண்டு முடிவதற்குள் 16 நிறைய வேண்டும் என்பது விதி. வரம்பு உயர உயர, 14 வயதுச் சிறுமியை 16 என்று எழுதிக்கொடுக்கும் ஆசையும் உயர்ந்தது.

ஏடு காட்டிக் கொடுத்தது

இவ்வகை ஏமாற்றுகள் எப்படி வெளிப்பட்டன என்று பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கும். வடகொரியாவின் கிம் குவாங் சுக் தொடர்ந்து மூன்றாண்டுகள் 15 வயதினர் என்றே பதிவு செய்யப்பட்டார்! அதனால் அந்நாடு 1993 உலகப் போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. அதே நாட்டின் ஹொங் சு ஜொங் என்பவருக்கு 1985, 1986, 1989 என மூன்று பிறந்த ஆண்டுகள் இருந்தன. 2010 இல் தடை வந்தது. 2012 இலண்டன் ஒலிம்பிக்கிற்கு அந்நாட்டு ஜிம்னாஸ்டிக்ஸ் அணி செல்ல முடியவில்லை.

சீனாவின் டொங் பாங்சியாவ் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அணியினரோடு வெண்கலம் வென்றவர். அப்போது அவர் 1983 இல் பிறந்தவர் என்று பதிவு. எட்டாண்டு கழித்துப் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அலுவலராகப் பணியாற்ற அவர் தந்த ஆவணத்தில் பிறந்த ஆண்டு 1986 என்றிருந்தது. அப்படியானால் சிட்னியில் அவருக்கு 14 வயதுதான்! 2010 இல் சீன அணியின் பதக்கம் பறிக்கப்பட்டு அமெரிக்க அணிக்குப் போயிற்று. ஆனால் 2008 பெய்ஜிங்கில் தங்கம் வென்ற ஹெ கெசின் மீதும் இதே ஐயம் எழுந்தது. விசாரணைக்குப்பின் அவர் வயது சரியே என்று சர்வதேசச் சம்மேளனம் ஏற்றுக்கொண்டது.

இவற்றில் குற்றத்தை வெளிப்படுத்தியது உடலன்று, ஏடு. ஓர் ஏடு மற்றோர் ஏட்டோடு முரண்பட்டபோதே பொய் விழுந்தது. நம் நாட்டிலும், 2019 இல் கிரிக்கெட் வாரியம் இளம் வீரர் ரசிக் சலாமுக்கு இரண்டாண்டுத் தடை விதித்தது பிறப்புச் சான்றிதழில் கண்ட பிழைக்காகவே.

நம் வீட்டு ஏடுகள்

ஆனால் நம்மவர் ஏடுகளின் நிலை என்ன? என் தந்தையார் தருமபுரிப் பக்கத்துச் சிற்றூரில் பள்ளியில் சேர்ந்தவர். தலைமையாசிரியர் அவருடைய வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொன்னாராம். விரல் காதை எட்டியது. வயது ஐந்து நிரம்பிற்று என்று முடிவாயிற்று. பிறந்த நாள் ஜூன் 1 என்று ஆசிரியரே எழுதிக்கொண்டார். வீட்டிலோ நாழிகை, வினாடி வரை குறித்த சாதகம் பெட்டிக்குள் கிடந்தது! அதன்படி அவர் பிறந்தது ஐப்பசி மாதம். இப்படி ஒரே வகுப்பில் பாதிப்பேர் ஜூன் மாதத்தில் பிறந்த ஊர்கள் தமிழ்நாட்டில் எத்தனை! யாரும் ஏமாற்ற எண்ணவில்லை. ஆயினும் சாதகத்தையும் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் மோசடி என்று கூவ இடமுண்டு. ஏடுகள் முரண்பட்டால் அது ஐயத்துக்கு இடம் தரும். குற்றத்தை மெய்ப்பிக்க அதுமட்டும் போதாது.

மணிக்கட்டின் சாட்சி

காது தொடும் சோதனையைக் கேட்டு இன்று சிரிக்கிறோம். ஆனால் எக்ஸ் கதிர்ச் சோதனையும் தத்துவத்தில் அதற்கு உடன்பிறப்பே. இரண்டும் உடல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்து, எத்தனை ஆண்டு கடந்தது என்று ஊகிக்கின்றன.

வளரும் பிள்ளையின் எலும்பு நுனியில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு ஒன்று இருக்கும். எக்ஸ் கதிர்ப் படத்தில் குருத்தெலும்பு தெரியாது. ஆகவே அங்கே ஓர் இடைவெளி தோன்றும். வயது ஏற ஏற அது குறுகி, பருவம் முடியும்போது மறைந்துவிடும். இடக்கையின் மணிக்கட்டில் பல எலும்புகள் ஒருங்கே தெரிவதால் அதையே படமெடுக்கிறார்கள். 2001 இல் வெளிவந்த டானர் – ஒயிட்ஹவுஸ் மூன்றாம் முறை, பதின்மூன்று எலும்புகளுக்கு மதிப்பெண் தந்து எலும்பு வயதைக் கணிக்கிறது. இந்தியக் கிரிக்கெட் வாரியம் இளையோர் பிரிவில் பயன்படுத்தி வருவது இம்முறையே. கால்பந்துச் சம்மேளனமோ 2009 நைஜீரியாவில் நடந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையிலிருந்து கதிர்வீச்சில்லாத எம்.ஆர்.ஐ. படத்தைக் கையாள்கிறது.

இம்முறைகள் பயனுள்ளவையே. ஆனால் பிழை வரம்பு? ஒரே நாளில் பிறந்த பிள்ளைகளில் சிலர் முந்தி முதிர்வர், சிலர் பிந்தி முதிர்வர். பதின்ம வயதில் எலும்பு வயதின் திட்ட விலக்கம் ஏறத்தாழ ஓராண்டு. கணக்குக்காக அதைச் சரியாக ஓராண்டு என்றும், இயல்நிலைப் பரவல் என்றும் கொள்வோம். எலும்பு வயது 15 ஐத் தாண்டினால் வெளியேற்றுவது விதி எனில், உண்மையில் 14 வயதே ஆன நூறு நேர்மையான சிறுவர்களில் ஏறக்குறைய 16 பேர் வெளியேற்றப்படுவர். உண்மையில் 15½ வயதான நூறு பேரில் ஏறக்குறைய 31 பேர் தப்பிவிடுவர். நல்லவன் தண்டிக்கப்பட, பொய்யன் உள்ளே நுழைகிறான்!

இது வெறுங்கணக்கன்று. அல்சூரில் எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். மருத்துவமனையில் பிறந்து, அந்த வாரமே பதிவானவன். பதின்மூன்று வயதிலேயே அரும்பு மீசை வந்துவிட்டது. வயதுப் பிரிவுத் தேர்வு ஒன்றில் மணிக்கட்டுப் படம் அவனுக்கு 15 என்றது. சான்றிதழை எடுத்துக்கொண்டு தாய் அலைந்தார். மறு பரிசோதனைக்கு வழி சொல்வார் இல்லை. கூட ஆடிய பிள்ளைகள் அவனைத் "தாத்தா" என்று அழைத்தனர். இப்போது அவன் மைதானப் பக்கம் போவதில்லை. அவன் செய்த குற்றம் சற்று முன்னதாக வளர்ந்ததுதான்.

ஜிம்னாஸ்டிக்ஸில் இச்சோதனை இன்னும் தடுமாறும். மேற்சொன்ன முறையில் பெண்களுக்கு எலும்பு வயதின் உச்சமே 15; அதற்கு மேல் அளக்க அளவுகோல் இல்லை. மேலும் அவ்விளையாட்டின் வீராங்கனைகளுக்கு எலும்பு முதிர்ச்சி பெரும்பாலும் தாமதமாகவே வருகிறது. அங்கே பிந்தி வளர்ந்த நேர்மையான பெண்தான் பொய்யள்போல் தோன்றுவாள்.

நாம் செய்யத்தக்கது

எனவே நான் கொள்ளும் முடிபு இது: எலும்பு வளர்ச்சியை அறியும், காலத்தை அறியாது. அதைத் துணைச் சாட்சியாக அழைக்கலாம், நீதிபதியாக அமர்த்தலாகாது. பிறந்த நாளன்றே எழுதப்பட்ட ஏடுதான் முதற்சாட்சி. ஏட்டோடு எலும்பு ஒத்துப்போனால் ஐயம் தீர்ந்தது. ஒத்துப்போகாவிட்டால் அப்போது விசாரணை தொடங்க வேண்டுமே ஒழிய, தண்டனை தொடங்கலாகாது. மறு பரிசோதனைக்கும் மேல்முறையீட்டுக்கும் வழியிருக்க வேண்டும். பெரியவர் எழுதிய தேதிக்காகப் பிள்ளையின் எதிர்காலத்தை அழிப்பதும் முறையன்று. 2020 இல் கிரிக்கெட் வாரியம், தாமாக முன்வந்து உண்மை வயதைச் சொல்வோருக்குத் தண்டனையில்லை என்று ஒரு வாய்ப்பளித்தது; பாராட்டத்தக்க வழி அது. விளையாட்டு அமைச்சகம் 2025 மார்ச்சில் வெளியிட்ட வயது மோசடித் தடுப்பு வரைவைப் படிப்போரும் இந்த நோக்கோடு படிக்க வேண்டுகிறேன்.

நண்பர்களே, நம் பங்கும் இதில் உண்டு. 1969 ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தாமதமானாலும் உரிய அனுமதியோடு பதிவு செய்ய வழியுண்டு. 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றில் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கு உரிய ஆவணம் என்று சட்டம் திருத்தப்பட்டுள்ளது. பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்த நம்மவருள், பிள்ளை ஓரூரில் பிறந்து மற்றோரூரில் வளர்வதால், இச்சான்றிதழை வாங்காமலே விட்டவர் பலர். கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் செல்லும் தாய்மார்க்கு விண்ணப்பம் எழுதவும் அலுவலகம் ஏறி இறங்கவும் நேரமில்லை. நமக்கு உண்டு. ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, அல்சூரிலும் சீராம்புரத்திலும் இந்த விண்ணப்பங்களை எழுதித்தர நம் சங்கம் முன்வருமானால், முதல் ஆளாக நான் பேனாவோடு வருகிறேன். ஒரு பிள்ளை பிற்காலத்தில் களத்தில் நிற்கும்போது, "உன் வயது என்ன?" என்று எவர் கேட்டாலும் அஞ்சாமல் விடை சொல்ல அந்த ஒரு தாள் போதும்.