பேக்கப் ஓடியதா, எப்படித் தெரியும்?

கேள்வி: எங்கள் லினக்ஸ் சர்வரில் தினமும் இரவு பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடுகிறது. அது எடுத்துக்கொள்ளும் நேரம், வட்டில் மீதியுள்ள இடம் இரண்டையும் பிராமிதியஸுக்கு அனுப்ப வேண்டும். புஷ்கேட்வே சரியான வழியா?

பதில்: வட்டு இடத்துக்கு ஸ்கிரிப்டே வேண்டாம். நோட் எக்ஸ்போர்ட்டரை நிறுவினால் 9100-ஆம் போர்ட்டில் அந்தக் கணக்கு தானாகவே கிடைக்கும்.

பேக்கப்புக்கும் புஷ்கேட்வேயை நான் சொல்லமாட்டேன். கடைசியாக வந்த மதிப்பை, நீங்கள் அழிக்கும்வரை அது வைத்துக்கொண்டே இருக்கும். சர்வர் படுத்துவிட்டாலும் திரையில் நேற்றைய எண் தெரியும். பார்ப்பவர் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்.

நோட் எக்ஸ்போர்ட்டரிலேயே டெக்ஸ்ட்ஃபைல் கலெக்டர் இருக்கிறது. அதற்கென ஒதுக்கிய ஃபோல்டரில், 'பிராம்' என்று முடியும் கோப்பில் உங்கள் ஸ்கிரிப்ட் மதிப்புகளை எழுதினால் போதும். நேரடியாக எழுதாதீர்கள். அதே ஃபோல்டரில் வேறு முடிவுள்ள பெயரில் எழுதி முடித்துவிட்டுப் பெயரை மாற்றுங்கள். இல்லையென்றால் பாதி எழுதிய கோப்பு வாசிக்கப்படும்.

இங்கும் பழைய கோப்பு அப்படியே கிடக்கும் என்பதால், ஓடிய நேரத்தைவிட முக்கியமானது ஒன்று உண்டு: பேக்கப் கடைசியாக வெற்றிகரமாக முடிந்த நேரம். அதை யூனிக்ஸ் நொடிக் கணக்கில் எழுதுங்கள். அது 26 மணி நேரத்துக்கு மேல் பழையதானால் அலர்ட் வரட்டும். ஸ்கிரிப்ட் ஓடாமலே போனாலும் இது காட்டிக்கொடுக்கும். சர்வரே நின்றுபோனால் சொல்ல, நோட் எக்ஸ்போர்ட்டர் பதில் தராதபோது ஒலிக்கும் அலர்ட்டையும் தனியாக வையுங்கள்.