காவல் வன்முறைக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொள்ள: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

லாக்கப் மரண வழக்குகளில் தமிழ்நாட்டில் பெரும்பாலும் தெரு எழுந்த பிறகே கோப்பு நகர்ந்திருக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபோது வணிகர்கள் கடைகளை அடைத்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கைக் கையில் எடுத்தது. விசாரணை சிபிஐ வசம் போனது. 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி போலீஸ் விசாரணையில் இறந்தபோதும் ஊர் திரண்டது. ஐந்து போலீசார் கைதானார்கள், அந்த வழக்கும் சிபிஐக்குச் சென்றது. தெருவில் இறங்குவது பலன் தராத வேலை அல்ல. ஆனால் முன்தயாரிப்பு இல்லாமல் இறங்குபவர் தனக்கும் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் சிக்கலைக் கொண்டுவந்துவிடலாம்.

அழைப்பு கிடைத்ததும் விசாரிக்க வேண்டியது, கூட்டுவது யார், அது என்ன வகைப் போராட்டம் என்பது. கண்டன ஆர்ப்பாட்டம் என்றால் ஓரிடத்தில் நின்று முழக்கமிட்டுக் கலைவது. மறியல் என்றால் சாலையை அடைப்பது. அது அநேகமாகப் போலீஸ் வேனில்தான் முடியும். முற்றுகையும் அப்படித்தான். வாட்ஸ்அப் சுவரொட்டியில் ஆர்ப்பாட்டம் என்று போட்டுவிட்டுக் களத்தில் மறியலாக மாற்றுவதும் நடக்கும் என்பதால், ஏற்பாட்டாளரிடம் நேராகக் கேட்டுவிடுவது நல்லது. பாதிக்கப்பட்ட குடும்பம் இந்தப் போராட்டத்தை விரும்புகிறதா என்றும் கேட்க வேண்டும். உடலை வாங்குவதா, மறுப்பதா என்பது அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு. கூட்டம் எடுக்கக் கூடாது.

அடுத்தது அனுமதி. இந்தப் பகுதியின் நிர்வாக எல்லைகள் வெளியூர்க்காரரைக் குழப்பும். அம்பத்தூர் பெருநகர சென்னை மாநகராட்சியில் இருக்கிறது, ஆவடி தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. காவல் துறைக் கணக்கிலோ மூன்றும் 2022 ஜனவரி 1இல் தொடங்கிய ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருகின்றன. ஆகவே அம்பத்தூரில் கூட்டம் என்றாலும் அனுமதிக் கடிதத்தில் இருக்க வேண்டியது ஆவடி ஆணையரகத்தின் முத்திரை. அதே ஆட்கள் வள்ளுவர் கோட்டத்துக்குப் போனால் சென்னை ஆணையரின் எல்லை. அங்கே 1888ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி அனுமதியற்ற கூட்டங்களுக்குத் தடை போடுவதும் அதை அவ்வப்போது நீட்டிப்பதும் வழக்கம். அனுமதிக் கடிதத்தின் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ள வேண்டும். இடம், நேரம், ஒலிபெருக்கி பற்றிய நிபந்தனைகள் அதில்தான் இருக்கும். அனுமதி மறுக்கப்பட்டிருந்தால் ஏற்பாட்டாளர்கள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். அமைதியாக, ஆயுதமின்றிக் கூடும் உரிமையை அரசமைப்பின் 19ஆவது பிரிவு தருகிறது. பொது ஒழுங்கைக் காரணம் காட்டி நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கவும் அதே பிரிவு இடம் தருகிறது. பொது வழியைக் காலவரையின்றி அடைக்க முடியாது என்று ஷாகீன் பாக் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் நினைவில் கொள்ளலாம்.

எல்லோரும் முன்வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கனரக வாகனத் தொழிற்சாலை போன்ற நிறுவனங்களில் இருப்பவர்களும் அரசு ஊழியர்களும் தங்கள் நடத்தை விதிகளைப் படித்துவிட்டு வர வேண்டும். பாஸ்போர்ட்டுக்கோ அரசு வேலைக்கோ விண்ணப்பித்திருக்கும் இளைஞர், எஃப்.ஐ.ஆரில் பெயர் ஏறினால் சரிபார்ப்பு இழுத்தடிக்கும் என்பதை அறிந்தே வர வேண்டும். அப்படிப்பட்டவர்கள் மனு எழுதவும், வழக்கறிஞரைப் பிடிக்கவும், வீட்டில் தகவல் சொல்லவும் பயன்படுவார்கள். இதுவும் போராட்டத்தின் பகுதியே.

கிளம்பும்போது அடையாள அட்டை, தண்ணீர், அன்றாட மருந்து, கொஞ்சம் பணம் போதும். வழக்கறிஞர் ஒருவரின் எண்ணையும் வீட்டு எண்ணையும் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைக்க வேண்டும். கைப்பேசி பறிபோனால் மனப்பாடமாக எந்த எண்ணும் வராது. கைப்பேசியில் கைரேகைப் பூட்டை எடுத்துவிட்டு எண் பூட்டுப் போடுவது பாதுகாப்பு. கம்பு கட்டிய கொடி, கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் புறநகர் ரயில் வசதி, பூந்தமல்லிக்குப் பேருந்து உண்டு. சொந்த வண்டியைக் களத்தருகே நிறுத்தினால் திரும்பி எடுப்பது பாடாகும்.

களத்தில் அனுமதித்த தடுப்புக்குள் நிற்பது, யாராவது கல்லைத் தொட்டால் உடனே விலகி ஏற்பாட்டாளரிடம் சொல்வது, பெண் போலீசாரிடமோ சாதாரணக் காவலரிடமோ ஆபாசமாகப் பேசாதிருப்பது ஆகியவை அடிப்படை ஒழுங்கு. பொது இடத்தில் நடப்பதைப் படம் எடுக்கலாம். எடுத்த கோப்பை அப்படியே பத்திரப்படுத்த வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த பிரதியை விட மூலக் கோப்புக்கே நீதிமன்றத்தில் மதிப்பு. குழந்தைகளின் முகத்தை வெளியிடக் கூடாது. தடியடி தொடங்கினால் எதிர்த்து நிற்பது வீரம் அல்ல. கூட்டத்தின் ஓரமாக, முதியவர்களைக் கைப்பிடித்து வெளியேறுவதே முறை.

கைது நடந்தால் பெரும்பாலும் கல்யாண மண்டபம், மாலையில் விடுதலை. ஆனால் எப்போதும் அப்படி முடிவதில்லை. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே விடுதியில் உணவு நஞ்சானதைத் தொடர்ந்து சாலைக்கு வந்த பெண் தொழிலாளர்கள் காவலில் வைக்கப்பட்டார்கள். 2025 ஆகஸ்ட் 13 நள்ளிரவில் ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்களை அப்புறப்படுத்தியபோது, ஆதரவாக நின்ற வழக்கறிஞர்களும் பிடிபட்டார்கள். ஆகவே சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். உறவினருக்குத் தகவல் தர வேண்டும். மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். விதிவிலக்கான சூழலில் பெண் அதிகாரி நடுவரின் முன் அனுமதி பெற்றால் ஒழிய, சூரியன் மறைந்த பின் விடியும்வரை பெண்ணைக் கைது செய்யக் கூடாது. விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம். படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது, வெற்றுத்தாளில் எந்த நிலையிலும் கூடாது. கைப்பேசியை எடுத்தால் பறிமுதல் மகஜர் கேட்க வேண்டும். வழக்கறிஞர் இல்லாதவர் 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழைக்கலாம்.

நடுவர் முன் நிறுத்தப்படும் அந்தச் சில நிமிடங்களே மிக முக்கியமானவை. அடிபட்டவர் அங்கே வாய் திறந்து, காயத்தைக் காட்டி, அதைப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். சாத்தான்குளத்தில் இருவரையும் நடுவர் சரியாகப் பார்க்காமலே ரிமாண்ட் செய்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்ததை மறந்துவிடக் கூடாது. கைதாகாமல் காயம்பட்டவர் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய், யார் எதனால் அடித்தார்கள் என்பதைச் சொல்லி ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் பதிவு செய்து நகல் வாங்க வேண்டும். இரண்டு நாள் கழித்துப் போனால் கீழே விழுந்தது என்று எழுதிவிடுவார்கள்.

ஆர்ப்பாட்டம் முடிந்த மறுநாளே எழுத்து வேலையைத் தொடங்க வேண்டும். காவல் நிலையத்தின் சிசிடிவி பதிவைப் பாதுகாக்கச் சொல்லும் மனு அதில் முதலாவது. 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமராவும், பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கும் ஏற்பாடும் வேண்டும் என்றது. ஆனாலும் கேமரா பழுது என்ற பதில் வருவதுண்டு. முன்கூட்டியே கொடுத்த மனு இருந்தால் அந்தப் பதிலை நீதிமன்றம் எளிதில் ஏற்காது. காவலில் மரணம் நேர்ந்திருந்தால் நீதித்துறை நடுவர் விசாரணையையும், பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுப்பதையும் குடும்பத்தினர் எழுத்தில் கேட்க வேண்டும். கூட வந்தவர்கள் சாட்சியாக இருந்தால் கண்டதை அன்றே தேதி, நேரத்தோடு எழுதி வைத்துக்கொள்ளட்டும். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் புகார் அனுப்பலாம், கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் அனுப்பிவிட வேண்டும், அதன் பிறகு ஆணையம் விசாரிக்காது.